கேட்காமல் கடந்த ஆறு

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. 1971 டிசம்பர் 16, டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானம். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில், பாகிஸ்தான் படை சரணடைந்த நாள். எல்லோரும் பார்த்த படம்தான். பாகிஸ்தான் தளபதி நியாஸி குனிந்து கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் இந்தியத் தளபதி அரோரா உட்கார்ந்திருக்கிறார், பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கிறார்கள். சின்ன வயதில் நாங்கள் போனால் பெரியப்பா அந்த வரிசையில் ஒருவரை மட்டும் விரல் வைத்துக் காட்டுவார். கடற்படையின் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். "நம்ம நாகர்கோவில்காரர்டா" என்பார். அதே வரிசையில் நிற்கும் இன்னொரு உயரமான மனிதரை அவர் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை. பெரியப்பா அந்தப் போரில் சிக்னல்ஸில், அதாவது ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில், லான்ஸ் நாயக்காக இருந்தவர். அந்த உயரமான மனிதரின் கீழ்தான் இருந்தார் என்று எனக்குத் தெரியவே நாற்பது வயதாகிவிட்டது.

அவர் லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங். 1971இல் 4ஆவது கோரின் தளபதி. கோர் என்றால் பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை. மேக்னா நதியை ஹெலிகாப்டரில் தாண்டி டாக்காவுக்கு வழி திறந்தவர். அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது போர் வரலாற்றின் மேல் இருந்த ஆசையால் இல்லை. ஒரு மெமோவால்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த மழையை நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் டிப்போவுக்கு நான் பொறுப்பு. வளாகத்தில் ஆறு லாரிகள் நின்றன. நாங்கள் இருந்தது மேடு. கீழே இருந்த தெருக்களில் இடுப்புவரை தண்ணீர் வந்துவிட்டது என்று ஏழு மணிக்கே ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள். லாரி தந்தால் வயசானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வரலாம் என்றார்கள். நான் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "பார்த்துச் சொல்றோம், அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க" என்றார்கள். அப்புறம் லைன் போய்விட்டது. நான் ஆபீஸ் அறையில் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்துகொண்டு, சிக்னல் வருகிறதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எங்கள் டிரைவர்களில் மூத்தவர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடியும்வரை மூன்று நடை அடித்தார். ஒரு பள்ளிக்கூட மாடியில் ஆட்களைக் கொண்டுபோய் விட்டார்.

தலைமை அலுவலகத்தின் அனுமதி மறுநாள் காலையில் வந்தது. பத்து நாள் கழித்து இன்னொரு தகவலும் வந்தது: அனுமதி இல்லாமல் வாகனத்தை எடுத்ததற்கு அந்த டிரைவரிடம் விளக்கம் வாங்கி அனுப்பவும். மெமோவில் கையெழுத்துப் போட்டது நான். அவர் பதிலாக எழுதிக் கொடுத்தது ஒரே வரி. "தண்ணி ஏறிக்கொண்டிருந்தது." அடுத்த ஏப்ரலில் வேலையை விட்டுப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளை நான் நீட்டியபோது அவர் முகத்தில் கோபம் இல்லாதது எனக்கு வருஷக்கணக்காக உறுத்தியது.

இதை ஒரு நாள் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிற மாதிரி, "பட்டாளத்துல இப்படி உத்தரவை மீறினா கோர்ட் மார்ஷல்தானே பெரியப்பா" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். "அந்தா நிக்கிறாரே, அவரைப் பத்திப் படிச்சுட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார்.

மாண்டோவி

சரி என்று படித்தேன். முதலில் எனக்குப் பட்டது, இவர் வாழ்க்கையில் ஆறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது.

சகத் சிங் பிகானேர் சமஸ்தானத்துக்காரர். அந்த சமஸ்தானத்தின் படையான கங்கா ரிசாலாவில் தொடங்கி, இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஆசியாவில் இருந்து, சுதந்திரத்துக்குப் பின் இந்திய ராணுவத்தில் 3ஆவது கோர்க்கா ரைபிள்ஸுக்கு வந்தவர். பாராசூட் படையோடு எந்தத் தொடர்பும் இல்லாத அவரை 50ஆவது பாராசூட் பிரிகேடுக்குத் தளபதியாகப் போட்டார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. குதிக்கத் தெரியாத தளபதியைக் குதிக்கிற வீரர்கள் மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்து, பயிற்சிக் குதிப்புகளை முடித்துச் சின்னத்தை வாங்கிய பிறகுதான் மறுவேலை பார்த்தார்.

1961 டிசம்பரில் கோவா. திட்டப்படி முக்கியத் தாக்குதல் கிழக்கிலிருந்து வரும் 17ஆவது டிவிஷனுடையது. வடக்கிலிருந்து இறங்கும் 50ஆவது பிரிகேடுக்குத் துணைப் பாத்திரம்தான். ஆனால் போர்த்துக்கீசியர் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே பின்வாங்கியதில் டிவிஷன் மெதுவாயிற்று. சகத் சிங்கின் ஆட்கள் 18ஆம் தேதி மாலையே பணஜிக்கு எதிர்க்கரையில், மாண்டோவி நதியோரம் பெதிமில் வந்து நின்றுவிட்டார்கள். எதிரே நகரம். ஆனால் அன்று ராத்திரி அவர்கள் ஆற்றைத் தாண்டவில்லை. இருட்டில் ஊருக்குள் இறங்கினால் சுடுவது யார், சாவது யார் என்று தெரியாது, பொதுமக்கள் மாட்டுவார்கள் என்று காலைவரை நிறுத்தி வைத்தார்கள். 19ஆம் தேதி காலையில் தாண்டினார்கள். பணஜிக்குள் முதலில் நுழைந்தது துணைப் பாத்திரம் கொடுக்கப்பட்ட அந்த பிரிகேடுதான்.

ஆற்றங்கரையில் நின்ற அந்த ராத்திரியைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற ஆள் என்று இவரைப் பற்றி ஒரு பிம்பம் உண்டு. அப்படிப்பட்டவர் வெற்றிக்கு ஓர் ஆறு தூரத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க மாட்டார்.

நாதுலா

1965 செப்டம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, சிக்கிம் எல்லையில் சீனா இந்தியாவுக்குக் கெடு விதித்தது. அப்போது நாதுலா கணவாய் சகத் சிங்கின் 17ஆவது மலை டிவிஷன் வசம், ஜெலெப் லா பக்கத்து டிவிஷன் வசம் இருந்தது. சண்டை வந்தால் கணவாய்களை விட்டுப் பின்னாலிருக்கும் பிரதான அரண்களுக்கு வந்துவிட வேண்டும் என்பது கோர் தலைமையகத்தின் ஏற்பாடு. பக்கத்து டிவிஷன் ஜெலெப் லாவைக் காலி செய்தது. அது உத்தரவுப்படி நடந்தது, அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சீனர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சகத் சிங் நாதுலாவைக் காலி செய்யவில்லை. நீர்பிரி முகட்டிலிருந்து இறங்கிவிட்டால் எதிரி மேலிருந்து பார்ப்பான், நாம் கீழிருந்து பார்ப்போம், இதில் முடிவெடுக்க எனக்கு இடமிருக்கிறது என்று வாதாடினார். நாதுலா இன்றும் இந்தியாவிடம் இருக்கிறது. ஜெலெப் லா கைவிட்டுப் போனது போனதுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1967 செப்டம்பர் 11 காலை, அதே கணவாயில் எல்லையோரமாக முள்கம்பி வேலி போட ஆட்களை இறக்கினார். கடல்மட்டத்துக்கு 14,000 அடிக்கு மேல், ஒளிய ஒரு செடிகூட இல்லாத இடம். சீனத் தரப்பு வந்து வாக்குவாதம் செய்தது, தள்ளுமுள்ளு ஆனது. அப்புறம் அவர்கள் திரும்பிப் போய் இயந்திரத் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார்கள். வேலி கட்டிக்கொண்டிருந்த பொறியாளர் படையினரும், காவலுக்கு நின்ற 18ஆவது ராஜ்புத் வீரர்களும் வெட்டவெளியில் நின்றிருந்தார்கள். இந்தியத் தரப்பின் பெரும் சாவு அந்த முதல் சில நிமிடங்களில் நடந்தது. பீரங்கியைப் பயன்படுத்த மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது நடைமுறை. சகத் சிங் அதற்காகக் காத்திருக்காமல் உத்தரவு கொடுத்தார் என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். மூன்று நாள் இந்திய பீரங்கிகள் பேசின. அக்டோபர் 1ஆம் தேதி சோலாவிலும் மோதல் நடந்தது. இரண்டு மோதல்களிலும் சேர்த்து இந்திய அரசின் கணக்குப்படி நம் தரப்பில் 88 பேர் இறந்தார்கள், 163 பேர் காயம்பட்டார்கள். சீனத் தரப்பில் 340 பேர் இறந்தார்கள் என்பது இந்தியா சொல்லும் கணக்கு.

சீனாவிடம் தோற்ற 1962க்குப் பிறகு ராணுவத்தின் முதுகு நிமிர்ந்தது நாதுலாவில்தான் என்று சொல்வார்கள். எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் அந்த வேலி ஆட்கள் திறந்தவெளியில் நின்றிருந்ததற்கும் அவர்தான் பொறுப்பு. எதிரி சுடலாம் என்று நினைத்து பீரங்கிகளைத் தயாராக வைத்த மனிதருக்கு, சுட்டால் இவர்கள் எங்கே போய் ஒளிவார்கள் என்பதும் தோன்றியிருக்க வேண்டும். சகத் சிங்கைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். நான் இதைச் சொன்னபோது பெரியப்பா மறுக்கவில்லை. "அந்த 18 ராஜ்புத்தை மறந்துடாத. மறுபடி வருவாங்க" என்று மட்டும் சொன்னார்.

நிற்பதற்கு எல்லா நியாயமும் இருந்த இடம்

1971இல் அவர் 4ஆவது கோரின் தளபதி. அகர்தலா பக்கம் தெலியாமுராவில் தலைமையகம். கீழே மூன்று மலை டிவிஷன்கள்: கிருஷ்ணா ராவின் 8, பென் கொன்சால்வெஸின் 57, ஹீராவின் 23. கிழக்கிலிருந்து உள்ளே போய் மேக்னா நதிவரை உள்ள பகுதியைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த வேலை. டாக்காவைப் பிடிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட பணியில் இல்லை. டாக்கா மொத்தத் திட்டத்திலேயே இருந்ததா இல்லையா என்பதில் அந்தப் போரை நடத்திய ஜெனரல்களே பின்னாளில் ஒருவருக்கொருவர் முரண்பட்டு எழுதினார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. 4ஆவது கோரின் வரைபடத்தில் கோடு மேக்னாவின் கிழக்குக் கரையில் முடிந்தது என்பது இங்கே போதும்.

அந்தக் கரைக்கு அவர் படை வந்து சேர்ந்தது டிசம்பர் 9ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு சறுக்கல். சில்ஹெட்டில் பாகிஸ்தான் படை இல்லை, காலி செய்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. 7ஆம் தேதி ஹெலிகாப்டரில் ஒரு கோர்க்கா பட்டாலியனை அங்கே இறக்கினார். ஏற்கெனவே சண்டைகளில் தேய்ந்து 400 பேருக்கும் குறைவாக ஆகியிருந்த பட்டாலியன் அது. தகவல் தவறு. மௌல்வி பஜாரிலிருந்து பின்வாங்கிய படையும் சேர்ந்து அங்கே இரண்டு பிரிகேடுகள் இருந்தன. அந்த கோர்க்காக்கள் சரியான சாப்பாடுகூட இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். இறங்கியது ஒரு முழு பிரிகேடு என்று எதிரி நம்பியதால்தான் பிழைத்தார்கள். அந்தத் தவறு சாவில் முடிந்திருந்தால் சகத் சிங்கின் பெயர் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருக்கும்.

இனி 9ஆம் தேதி. பெரியப்பா இருந்தது 57ஆவது டிவிஷன் பக்கம். அகௌரா 5ஆம் தேதி விழுந்த பிறகு அவர்கள் ரயில் பாதையை ஒட்டியே நடந்தார்கள். முதுகில் வயர்லெஸ் செட், கையில் மாற்று பேட்டரி. "செட்டைவிட பேட்டரிதான் கனம். பேட்டரி நனைஞ்சா செட் வெறும் டப்பா. அதனால தூங்கும்போது அதைத்தான் தலைக்கு வெச்சுக்குவேன்" என்றார். ஆஷுகஞ்சில் மேக்னாவின் மேல் பெரிய ரயில் பாலம். அக்கரையில் பைரப் பஜார். அதைத் தாண்டினால் டாக்காவுக்குப் பாதை. அன்று காலையில் 18ஆவது ராஜ்புத்தும் 10ஆவது பிகாரும் ஆஷுகஞ்சை நெருங்கியபோது எதிரி மறைவிலிருந்து கடுமையாகத் தாக்கினான். நாதுலாவில் வேலிக்குக் காவல் நின்ற அதே 18 ராஜ்புத்துக்கு இங்கேயும் பலத்த அடி. அன்றைக்கே பாகிஸ்தான் ராணுவம் பாலத்தைத் தகர்த்துவிட்டு அக்கரைக்குப் போய்விட்டது. அந்த வெடிச்சத்தம் பெரியப்பாவுக்குக் கேட்டது. "காதுல இருந்த ஹெட்போனைத் தாண்டிக் கேட்டுச்சு. தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. அப்புறம் யாரும் பேசல. அவ்வளவுதான் இனிமே, இங்கதான் உக்காரணும்னு நெனச்சோம்."

இந்த இடத்தில்தான் நான் பல நாள் நின்றேன். பாலம் உடைந்துவிட்டது. கொடுத்த வேலை முடிந்துவிட்டது, மேக்னாவின் கரைக்கு வந்தாயிற்று. அக்கரையில் மேஜர் ஜெனரல் காஸியின் டிவிஷன் பாலத்தின் முனையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அக்கரை கண்ணுக்குத் தெரியாத அகலங்கள் உள்ள ஆறு அது. சகத் சிங் அன்று மாலை "கரையை அடைந்துவிட்டோம், அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் படுத்திருந்தால் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. பதக்கத்தோடு ஊர் திரும்பியிருப்பார். நிற்பதற்கு அவ்வளவு நியாயமும் அவர் கையில் இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் இருந்தது.

அவர் ஹெலிகாப்டரில் ஏறி ஆற்றின் மேல் போய்ப் பார்த்தார். கூட கொன்சால்வெஸும், விமானப் படையின் குரூப் கேப்டன் சந்தன் சிங்கும். கீழிருந்து சுட்டார்கள். விமானியொருவர் காயம்பட்டார், சகத் சிங்கின் நெற்றியை ஒரு குண்டு உரசிக்கொண்டு போயிற்று. ஆனால் வரைபடத்தில் இல்லாத ஒன்றை அவர் பார்த்துவிட்டார். எதிரியின் கண் முழுக்கப் பாலத்தின் மேலேயே இருந்தது. பைரப் பஜாருக்குத் தெற்கே ராய்புரா பக்கம் ஆளில்லை. நெல் அறுத்து முடித்த வயல், தாள் மட்டும் நின்றது. ஹெலிகாப்டர் இறங்கத் தோதான இடம்.

அன்று சாயங்காலமே 4ஆவது கார்ட்ஸ் வீரர்களை எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் அக்கரைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தன. வழக்கமாகப் பதினான்கு பேர் ஏறும் எந்திரத்தில் இருபதுக்கு மேல் ஏற்றினார்கள். இருட்டிய பிறகும் நிற்கவில்லை. அடுத்த 36 மணி நேரத்தில் நூறு தடவைக்கு மேல் போய் வந்தன. ஒரு பிரிகேடு வானத்தில் போனது, இன்னொன்று அந்த ஊர் ஜனங்கள் கொண்டுவந்து தந்த நாட்டுப் படகுகளில் போனது. காஸியின் டிவிஷன் உடைந்த பாலத்துக்குக் காவலாக, சரணடையும்வரை பைரப் பஜாரிலேயே கிடந்தது. இந்தியப் படை அதைச் சுற்றிக்கொண்டு நர்சிங்டி வழியாக டாக்காவை நோக்கிப் போய்விட்டது.

கல்கத்தாவில் இருந்த மேலிடமான கிழக்குக் கட்டளையிலிருந்து இதற்குத் தயக்கம் வந்தது என்றும், அவர் பின்வாங்க மறுத்தார் என்றும் கூட இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருந்தது தெரியும். 7ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை 104 ஓட்டுகளோடு போர் நிறுத்தம் கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தது. அமெரிக்காவின் ஏழாவது கடற்படை வங்கக் கடலுக்கு வந்துகொண்டிருந்தது. மேக்னாவின் கிழக்குக் கரையில் உத்தரவுக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால், டாக்கா விழுவதற்கு முன்பே போர் நின்றிருக்கக்கூடும்.

மீறினாரா?

இதையெல்லாம் படித்துவிட்டுப் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். "ஜெயிச்சதால தப்பிச்சாரு. தோத்திருந்தா இவரும் உத்தரவை மீறினவர்தானே?"

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. சிக்னல்ஸில் இருந்தவர்கள் சீக்கிரம் பதில் சொல்ல மாட்டார்கள், காதில் விழுந்ததை ஒரு தடவை உள்ளே திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். "அவர் எங்கடா மீறினாரு? தாண்டாதேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா அது மீறல். தாண்டலாமான்னு அவர் கேக்கவே இல்ல. கேட்டா என்ன வரும்னு செட்டைச் சுமந்த எனக்கே தெரியும். 'வெய்ட், அவுட்'னு வரும்." வயர்லெஸ்ஸில் அதற்குப் பொருள் இரு, பிறகு சொல்கிறேன் என்பது.

"அப்படின்னா யாருமே கேக்க வேண்டாமா பெரியப்பா? ஆளாளுக்கு முடிவெடுத்தா அது பட்டாளமா?"

"கேக்கணும். தெரியாததைக் கேக்கணும். அவருக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியும், போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு. ஹெலிகாப்டர் எவ்வளவு தூக்கும்னு தெரியும், அதை நடத்துறவர் பக்கத்திலேயே இருந்தாரு. கல்கத்தாவில இருக்கறவருக்கு இது ரெண்டும் தெரியாது. தெரியாதவர்கிட்ட போய்க் கேட்டா அது பதிலுக்காகக் கேக்கறது இல்ல. பாரத்தை இறக்கி வெக்கிறதுக்காகக் கேக்கறது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ அன்னிக்குப் போன் பண்ணியே, எதுக்குப் பண்ணின?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தண்ணீர் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், மேட்டிலிருந்து பார்த்தேன். லாரி அந்த ஆழத்தில் போகும் என்று டிரைவர்கள் சொன்னார்கள். தலைமை அலுவலகத்தில் இருந்தவருக்கு இரண்டும் தெரியாது. வண்டி நடுவில் நின்று யாருக்காவது ஏதாவது ஆனால் அது என் தலையில் விழக்கூடாது என்றுதான் போன் செய்தேன். அதில் தப்பு உண்டா இல்லையா என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தீர்மானம் வரவில்லை. இரண்டு குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருப்பவன் எல்லா பாரத்தையும் சுமக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் நான் எதற்காகக் கேட்டேன் என்பதை அன்றுதான் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார், அது இன்னும் ஆழமாக இறங்கியது. "அவன் உன்கிட்ட கேக்காம வண்டியை எடுத்தானே, அது உன்னை மதிக்காமன்னு நெனச்சியா? கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருக்கணும், இல்ல சரின்னு சொல்லி நீயும் மாட்டியிருக்கணும். உன்னை அந்த இடத்துல நிறுத்தக் கூடாதுன்னு அவன் நெனச்சிருக்கலாம்ல?"

சகத் சிங்குக்குப் பத்ம பூஷண் கொடுத்தார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. கிழக்குப் போரில் அவரோடு இன்னொரு கோரை நடத்திய ரெய்னா 1975இல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். அவருக்குக் கீழே டிவிஷன் நடத்திய கிருஷ்ணா ராவ் 1981இல் தலைமைத் தளபதி ஆனார். கோவா, நாதுலா, மேக்னா என மூன்று இடத்திலும் நின்ற சகத் சிங் ராணுவக் கட்டளை ஒன்றின் தலைமைக்குக்கூட வராமல் 1976இல் லெப்டினன்ட் ஜெனரலாகவே ஓய்வு பெற்றார். ஏன் என்று பலவாறாகப் பேசுகிறார்கள், மேலிடத்தோடு ஒத்துப்போகாதவர் என்று. 2001 செப்டம்பரில் இறந்தார். எனக்கு இந்த அநியாயம் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. ஒரு நாட்டின் விடுதலையையே சில நாட்கள் முன்னுக்கு இழுத்துக் கொடுத்த மனிதருக்கு அமைப்பு கொடுக்கத் தயங்கியதை நினைக்கும்போதெல்லாம், நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் கூடவே நினைவுக்கு வருகிறது. அதில் கையெழுத்துப் போடாமல் என்னால் இருந்திருக்க முடியும். விளக்கம் கேட்க வேண்டியது என்னிடம்தான், வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும். ஆனாலும் எழுதியிருக்கலாம்.

போன மாதம் பழைய ஆட்களிடம் விசாரித்து அந்த அண்ணனின் நம்பரைக் கண்டுபிடித்தேன். அவர் இப்போது ஊரில் மகனோடு இருக்கிறார். பேரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தார். நான் மெமோ பற்றி ஆரம்பித்தேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவு தண்ணீரில் வண்டி நின்றுவிடும் என்று உங்களுக்குப் பயமாக இல்லையா அண்ணே என்று கேட்டேன்.

"நீங்க போன் பேசிக்கிட்டு இருக்கும்போதே நான் கம்பு எடுத்துக்கிட்டுப் போய் ரோட்டை அளந்துட்டு வந்துட்டேன் சார். பள்ளம் ரெண்டு இருந்தது, கம்பு நட்டு வெச்சேன். அப்புறம் வந்து பேன் பெல்ட்டைக் கழட்டினேன். இல்லேன்னா பேன் தண்ணியை வாரி இன்ஜின் மேல அடிச்சுடும். சைலன்சருக்கு ஒரு ரப்பர் ஓஸ் மாட்டி மேல தூக்கிக் கட்டினேன். அதுக்கே ஒன்பதே முக்கால் ஆயிடுச்சு," என்றார்.

ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை அவர் என் ஜன்னலுக்கு வெளியே மழையில் இந்த வேலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை.